பச்சைக்கு அடியில்: டர்ஃப் பிறந்த கதை

ஆலங்காயம் பக்கம் மனை வாங்க வருகிறவர் முதலில் பட்டாவைக் கேட்பார். அடுத்து, போர் போட்டால் எத்தனை அடியில் தண்ணீர் என்று கேட்பார். என்ன மண் என்று கேட்கிறவர் அநேகமாக விவசாயியாகத்தான் இருப்பார். கல்யாண மண்டபமோ பள்ளிக்கூடமோ சாலையோர ஓட்டலோ கட்டப்போகிறவருக்கு, அஸ்திவாரம் தோண்டுகிற நாள்வரை மண் ஞாபகத்துக்கே வராது. ஜவ்வாது மலைச்சரிவை ஒட்டிய மேட்டு நிலங்களில் சரளை கலந்த செம்மண். மழை விட்ட கொஞ்ச நேரத்திலேயே செருப்பில் ஒட்டாமல் நடந்து போகலாம். ஏரிக்குக் கீழே தாழ்ந்து கிடக்கும் நிலங்களுக்குப் போனால் கதையே வேறு. அங்கே களி. சித்திரை வெயிலில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழையில் அதே வெடிப்புகள் மூடிக்கொண்டு, வைத்த காலை எடுக்க விடாது.

இப்படிப்பட்ட நிலங்களின்மேல் இப்போது புதிதாக வந்து உட்காருகிற பொருள் டர்ஃப். “டர்ஃப் புக் பண்ணியாச்சா?” என்று கேட்டால் தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பையனுக்கும் புரியும். நாலு பக்கமும் வலை கட்டிய கூண்டு, மேலே எல்.இ.டி. விளக்கு, கீழே பச்சை விரிப்பு, மணிக்கு இவ்வளவு என்று வாடகை. சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது கடந்த பத்து வருடத்துக்குள் சின்ன ஊர்கள்வரை இறங்கிவிட்டது. விளையாட்டுக்கு மட்டும் என்றும் இல்லை. புல் பிடிக்காத மண்டப வாசலிலும் ஓட்டல் முற்றத்திலும் மழலையர் பள்ளி வளாகத்திலும் அதே விரிப்புதான். களிமண்ணோடு மல்லுக்கட்டிச் சலித்துப்போன கட்டட உரிமையாளருக்கு, சுருளாக வந்து இறங்கும் அந்தப் பச்சை பெரிய விடுதலையாகத் தெரிகிறது.

அது விடுதலைதானா என்பது, அந்தப் பொருள் எங்கே, எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால்தான் புரியும். டர்ஃபுக்கு இரண்டு பிறப்பு உண்டு என்பது என் கட்சி. மேலே தெரியும் பச்சை பிறந்தது 1960-களில். அதைத் தாங்கும் கல் படுகை பிறந்தது அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னால். முதலாவதைப் பார்த்துத்தான் எல்லோரும் பணம் கொடுக்கிறோம். களிமண் நிலத்தில் காப்பாற்றுவதோ இரண்டாவது.

பச்சையின் கதை ராணுவத்தில் தொடங்குகிறது. கொரியப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில், ராணுவத்துக்கு வருகிறவர்களில் நகரத்துப் பிள்ளைகளைவிடக் கிராமத்துப் பிள்ளைகள் உடல் வலுவோடு இருக்கிறார்கள் என்ற கவலை அமெரிக்காவில் எழுந்தது. நகரத்துப் பள்ளிகளில் ஓடியாட இடமில்லை. இருக்கும் இடத்திலும் சிமென்ட்டும் தாரும்தான். ஃபோர்டு அறக்கட்டளையின் ஆதரவில் 1958-ல் தொடங்கிய கல்விக்கூட வசதிகள் ஆய்வகம் இதற்கு வழி தேடியது. தரைவிரிப்புக்கு நைலான் இழை தயாரித்துக்கொண்டிருந்த கெம்ஸ்ட்ராண்ட் இந்தத் தேடலில் சேர்ந்தது. மான்சான்டோவின் துணை நிறுவனம் அது. அதன் ஆய்வாளர்கள் ராபர்ட் ரைட், ஜேம்ஸ் ஃபாரியா இருவரின் பெயரிலும் 1967-ல் காப்புரிமை கிடைத்தது. அதற்கு முன்பே, 1964-ல், ரோட் ஐலண்டு மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் மோசஸ் பிரவுன் பள்ளியின் உள்விளையாட்டுக் கூடத்தில் இந்த விரிப்பைப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். அப்போது அதன் பெயர் கெம்கிராஸ். அங்கேயே நின்றிருந்தால் பள்ளிக்கூடச் சாமான்களில் ஒன்றாகவே அது முடிந்திருக்கும். அதை உலகம் அறியச் செய்தது ஹூஸ்டனில் செத்துப்போன புல்.

ஹூஸ்டனில் வெயிலும் புழுக்கமும் கொசுவும் அதிகம். நகர மேயராக இருந்த ராய் ஹாஃப்ஹைன்ஸ், முழுக்கக் கூரை போட்டுக் குளிரூட்டிய பேஸ்பால் அரங்கத்தைக் கட்ட முனைந்தார். 1965 ஏப்ரல் 9 அன்று ஆஸ்ட்ரோடோம் திறக்கப்பட்டது. விண்வெளிப் பயணக் காலம் அது. நாசாவின் மையம் ஹூஸ்டனில் இருந்ததால் அங்கே ஆடிய அணிக்கும் அரங்கத்துக்கும் அந்த வாசனையிலேயே பெயர் வைத்தார்கள். நம் ஆலங்காயத்துக்குப் பக்கத்தில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வுக் கூடத்தின் வேலைகள் தொடங்கியதும் அதே 1960-களின் பின்பாதியில்தான். வானத்தின்மேல் உலகமே கண் வைத்திருந்த காலம்.

அரங்கத்துக்குள் உண்மையான புல்தான் போட்டிருந்தார்கள். வெயில் வரவேண்டும் என்பதற்காகக் கூரையில் ஆயிரக்கணக்கான கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பலகைகள். புல் வளர்ந்தது. ஆனால் பகல் ஆட்டத்தில் மேலே பறந்த பந்து, கூசுகிற அந்த வெளிச்சத்தில் காணாமல் போனது. கேட்ச் பிடிக்க நிமிர்ந்தவர்கள் தலையைப் பொத்திக்கொண்டு குனிய வேண்டியிருந்தது. பலகைகளுக்கு வெள்ளை அடித்தார்கள். பந்து தெரிந்தது, புல் செத்தது. அந்த ஆண்டின் மீதி ஆட்டங்களைக் காய்ந்த புல்லின்மேலும், பச்சைப் பெயின்ட் அடித்த மண்ணின்மேலும் ஆடி முடித்தார்கள்.

அடுத்த ஆண்டு கெம்கிராஸ் வந்தது. மான்சான்டோவிடம் போதுமான அளவு தயாராக இல்லாததால் 1966 ஏப்ரலில் உள்வட்டத்துக்கு மட்டும் போட்டார்கள். வெளிவட்டத்துக்குச் சரக்கு வந்துசேர ஜூலை ஆகிவிட்டது. துண்டு துண்டாக வந்த விரிப்புகளை ஜிப் வைத்து இணைத்தார்கள். அரங்கத்தின் புகழில் ஒட்டிக்கொண்டு அதற்கு ஆஸ்ட்ரோடர்ஃப் என்ற பெயர் நிலைத்தது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மோசஸ் பிரவுன் பள்ளியில் விரித்தது கூரைக்கு அடியில். ஆஸ்ட்ரோடோமில் விரித்ததும் கூரைக்கு அடியில். ஹூஸ்டன் நகரமே கனத்த களிமண்மேல்தான் நிற்கிறது. டெக்சஸின் அடையாள மண் என்று மண்ணியலாளர்கள் சொல்லும் ‘ஹூஸ்டன் பிளாக்’, நம் கரிசலைப் போலவே விரிந்து சுருங்குகிற இனம். ஆனால் அரங்கத்துக்குள் ஒரு சொட்டு மழை விழாது. ஆகவே இந்த விரிப்பு பிறந்த வீட்டில், பெய்கிற தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்வியை யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வெயிலில்லாத இடத்துக்கு விடையாக வந்த பொருளை நாம் வெயிலும் மழையும் களியும் உள்ள இடத்துக்கு வாங்கி வருகிறோம். டர்ஃப் போட்டு ஏமாந்தவர்களின் புலம்பலுக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

கூரையில்லாத அரங்கத்துக்கு ஆஸ்ட்ரோடர்ஃப் முதலில் போனது 1967-ல், இண்டியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு. திறந்தவெளிக்கு வந்ததும் மழைக்கு வழி செய்தாக வேண்டியிருந்தது. அன்றைய விரிப்பைத் தார்த் தளத்தின்மேல் நுரைப் பஞ்சு வைத்து ஒட்டினார்கள். தண்ணீர் அதன் வழியே கீழே இறங்காது. அதனால் மைதானத்தின் நடுவை மேடாக்கி, இரு பக்கமும் சரிவு கொடுத்தார்கள். பழைய அமெரிக்கக் கால்பந்து மைதானங்களில் ஓர் ஓரத்தில் நிற்பவருக்கு எதிர் ஓரத்தில் நிற்பவரின் கால் சரியாகத் தெரியாத அளவுக்கு அந்த மேடு இருந்ததுண்டு. நம் கொத்தனார் மொட்டை மாடியில் பார்க்கிற வாட்டம்தான் அது. டர்ஃபுக்கு முதல் மருந்தாக வந்ததும் வாட்டமே.

நம் நாட்டுக்கு டர்ஃப் வந்த விதம் வலியோடு கூடியது. 1975-ல் கோலாலம்பூரில் உலகக் கோப்பை ஹாக்கியை வென்ற இந்தியா, அடுத்த ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக்குக்கு உலக சாம்பியனாகப் போனது. ஒலிம்பிக் ஹாக்கியைச் செயற்கைத் தரையில் ஆடியது அதுவே முதல் முறை. இந்தியா ஏழாவது இடம். ஒலிம்பிக் ஹாக்கியில் பதக்கமில்லாமல் அது திரும்பியதும் அதுவே முதல் முறை. புல்லில் பந்து தட்டுத் தடுமாறி வரும். அதை மட்டையோடு ஒட்டவைத்து வளைத்து வளைத்துக் கொண்டுபோகிற கைவித்தைதான் நம் ஆட்டக்காரர்களின் சொத்து. செயற்கைத் தரையில் பந்து நேராகவும் வேகமாகவும் ஓடும். அங்கே கைவித்தையைவிட ஓட்டமும் மூச்சும் பெரிது. அந்தத் தரை ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஊருக்கு ஊர் முளைத்தபோது, நம் பிள்ளைகள் புல்லிலும் மண்ணிலும் பழகிவிட்டுப் போய் அதில் ஆடினார்கள். 1980-ல் மாஸ்கோவில் தமிழ்நாட்டு வீரர் வி. பாஸ்கரன் தலைமையில் தங்கம் வந்தது உண்மை. அதன்பின் ஒலிம்பிக் ஹாக்கியில் அடுத்த பதக்கத்துக்கு 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வீழ்ச்சிக்கு நிர்வாகச் சீர்கேடு உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனால் தரை மாறியதைச் சமாளிக்க ஒரு தலைமுறையே விலை கொடுத்தது என்பதை மறுக்க முடியாது.

இன்று சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கத்தில் இருப்பது உலகத் தரம். 2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பைக்காக அங்கே புதிதாக விரித்தது, அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் போட்ட அதே வகை. அதன் இழையில் பெரும்பங்கு கரும்பிலிருந்து எடுத்த பாலிஎத்திலீன். அந்த விரிப்பில்தான் இந்தியா மலேசியாவை 4-3 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. 2025 இறுதியில் இளையோர் உலகக் கோப்பையைச் சென்னையும் மதுரையும் சேர்ந்து நடத்தின.

செயற்கைத் தரை நமக்கு மான்ட்ரியலுக்கு முன்பே பழக்கம் என்பதையும் சொல்ல வேண்டும். கிரிக்கெட்டில் மேட் விக்கெட் ஆடாத மாவட்ட ஆட்டக்காரர் நம் மாநிலத்தில் உண்டா? கெட்டிப்படுத்திய மண் தரையின்மேல் தென்னை நார்ப் பாயை இழுத்துக் கட்டி, ஓரமெல்லாம் நீளமான ஆணி அடித்து இறுக்குவார்கள். பாய் தொய்ந்திருந்தால் பந்து செத்து உருளும், இறுகியிருந்தால் எகிறும். டெஸ்ட் ஆட்டங்களே அதில் நடந்திருக்கின்றன. 1959 டிசம்பரில் கராச்சியில் பாகிஸ்தானும் ஆஸ்திரேலியாவும் பாயின்மேல் ஆடிய டெஸ்ட்டை அமெரிக்க அதிபர் ஐசனோவர் வந்து பார்த்தார். அன்று முழுநாளும் பாகிஸ்தான் எடுத்தது 104 ரன். அந்தப் பாயை ஆட்டம் முடிந்ததும் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விடலாம். அடியில் இருக்கும் மண்ணை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தண்ணீர் தெளித்து உருளை போட்டுச் சரிசெய்தார்கள். மேலே இருப்பதன் குணம் கீழே இருப்பதில் என்பது அவர்களுக்குப் பாடம் சொல்லித் தெரிய வேண்டியதாக இல்லை.

டர்ஃபுக்குத் திரும்புவோம். ஆஸ்ட்ரோடோமின் நைலான் விரிப்பு முதல் தலைமுறை. இழை குட்டை, உராய்வு அதிகம், விழுந்தால் தோல் உரியும். அடுத்து 1970-களிலும் 80-களிலும் பாலிப்ரொப்பிலீன் இழையின் இடையே மணல் நிரப்பிய இரண்டாம் தலைமுறை வந்தது. லண்டனின் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கால்பந்து அணி 1981-ல் அதை விரித்துப் பார்த்து, 1988-ல் பிய்த்து எடுத்தது. பந்து கண்டபடி எகிறியதும், சறுக்கி விழுந்தவர்களின் தோல் எரிந்ததும் பெரிய குறை. இப்போது நாம் காசு கொடுத்து ஆடுவது மூன்றாம் தலைமுறை. 40 முதல் 60 மில்லிமீட்டர் உயரப் பாலிஎத்திலீன் இழை. அதற்குள் கீழே மணலும் மேலே ரப்பர்த் துகளும். 1990-களில் கனடாவின் மான்ட்ரியலில் ஃபீல்டுடர்ஃப் நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்த இழைகளைத் துணியில் குத்தி ஏற்றும் தையல் முறைக்கு ஊற்றுக்கண், ஜார்ஜியா மாநிலத்து டால்டன் ஊரில் கேத்தரின் எவன்ஸ் என்ற பதின்வயதுப் பெண் 1895-ல் கையால் குத்திச் செய்த படுக்கை விரிப்பு. அந்தக் கைவேலை ஊர்த் தொழிலாகி, இயந்திரமாகி, தரைவிரிப்பாகி, கடைசியில் மைதானமானது. டர்ஃபின் வம்சாவளியில் எனக்கு மிகவும் பிடித்த பெயர் அவருடையதுதான்.

மூன்றாம் தலைமுறையில் நம் கதைக்கு முக்கியமான மாற்றம் அடித்துணியில் நடந்தது. அதில் வரிசையாக ஓட்டை போட்டார்கள். தண்ணீர் இனி பக்கவாட்டில் வழியாமல் நேரே கீழே இறங்கும். கீழே இறங்கிய பிறகு? இங்கேதான் களி குறுக்கே வருகிறது.

களித்துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. கண்ணுக்குத் தெரியாது. உருண்டையாக இல்லாமல் தட்டையானது. கட்டுக்கட்டாக அடுக்கிய அப்பளம் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். கரிசலில் உள்ள மான்ட்மோரிலோனைட் என்ற கனிமம், அந்த அப்பளங்களுக்கு இடையே தண்ணீரை உள்ளே விட்டுக்கொண்டு கட்டையே தடிமனாக்கிவிடும். வெயிலில் தண்ணீர் போனதும் சுருங்கி வெடிக்கும். மணலில் மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் தண்ணீர் இறங்கும் என்றால், களியில் இறங்குவது 1 முதல் 5 மில்லிமீட்டர்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 அடிக்கு 60 அடி டர்ஃப் என்றால் சுமார் 557 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டுகிற மழை நமக்குப் புதிதில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் டர்ஃபின்மேல் விழுவது ஏறத்தாழ 28,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரி இரண்டுக்கும் மேல். களி குடிக்கக்கூடியது அதிகபட்சம் 2,800 லிட்டர். மீதி 25,000 லிட்டரும் விரிப்புக்கு அடியில் இடம் தேடும். இடம் இல்லாவிட்டால் மேலே வரும், ரப்பர்த் துகளை மிதக்கவைத்து வலைக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டும். வெயில் அடித்தபின் பார்த்தால் விரிப்பில் அங்கங்கே வழுக்கையும், ஓரத்தில் கறுப்புச் சேறும் கிடக்கும்.

இதற்கு விடை கண்டவர் டர்ஃபையே பார்த்திராத ஸ்காட்லாந்துக்காரர் ஜான் மெக்காடம். 1816-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் சாலைகளுக்குப் பொறுப்பேற்றவர். பாரத்தைத் தாங்குவது கல்லில்லை, அடியில் இருக்கும் மண்தான். அந்த மண்ணை ஈரம் படாமல் வைத்துக்கொண்டால் எந்தப் பாரத்தையும் அது தாங்கும் என்பது அவர் கொள்கை. அதற்காகச் சாலையைச் சுற்றுமண்ணைவிட உயர்த்தி, கோணல்மாணலாக உடைத்த சிறு கற்களை அடுக்கடுக்காகப் பரப்பி, இரு பக்கமும் வடிகால் எடுத்தார். உருண்டைக் கல் நகரும். உடைத்த கல்லின் முனைகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். நம் ஊர் ஜல்லி ரோடு அவர் வழியில் வந்தது. டர்ஃபுக்கு அடியில் போடுகிற படுகையும் அதே வழிதான்.

களி நிலத்திலிருந்து தண்ணீரை வெளியே எடுக்கிற குழாயும் பழையதே. ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய விவசாயி ஜான் ஜான்ஸ்டன், 1838-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜெனீவா ஊருக்குப் பக்கத்துத் தன் களி நிலத்தில் சுட்ட மண் குழாய்களைப் புதைத்தார். ஊரார் சிரித்தார்கள், விளைச்சல் பெருகியதும் பின்பற்றினார்கள். களியிலிருந்து செய்த குழாய் களியின் தண்ணீரை வடித்தது. இன்று அந்த இடத்தில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாய்.

மூன்றாவது பாகம் துணி. ஈரக்களியின்மேல் ஜல்லியைக் கொட்டினால், மேலே பாரம் ஏற ஏறக் கல் கீழே புதையும், களி கல்லின் இடுக்கில் பிதுங்கி மேலே ஏறும். இரண்டு மழைக்காலத்தில் ஜல்லிப் படுகை களிப் படுகையாகிவிடும். இரண்டையும் கலக்கவிடாமல், தண்ணீரை மட்டும் வழிய விடுகிற துணியை நடுவே விரிக்க வேண்டும். இதற்கு இந்தியாவே முன்னோடிகளில் ஒன்று. 1934-ல் கொல்கத்தாவின் ஸ்ட்ராண்ட் சாலை வேலையில் சணல் துணியைப் போட்டிருக்கிறார்கள். செயற்கை இழைத் துணி 1950-களின் கடைசியில் அமெரிக்கக் கடலோரத்தில் அலைத்தடுப்பு வேலைக்கு வந்தது. இப்போது கடையில் கேட்டால் ஜியோ டெக்ஸ்டைல் என்று கொடுப்பார்கள்.

ஆக, 1816-ன் கல்லும் 1838-ன் குழாயும் 1934-ன் துணியும் சேர்ந்து, 1966-ன் பச்சைக்கு அடியில் படுத்திருக்கின்றன. ஆலங்காயத்து ஏரிக்கீழ் நிலத்தில் டர்ஃப் நிற்க வேண்டுமென்றால் இந்த மூன்றில் எதையும் விட முடியாது.

மண்ணைத் தெரிந்துகொள்ளச் செலவே இல்லை. கண்ணாடிப் பாட்டிலில் பாதிக்கு மண்ணைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தால், மணல் ஒரு நிமிடத்தில் அடியில் உட்காரும், வண்டல் ஓரிரு மணி நேரத்தில் படியும். களி மறுநாளும் தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். இன்னும் எளிதாக, ஈர மண்ணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தித் தள்ளிப் பார்க்கலாம். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் உடையாமல் நாடாவாக நீண்டால் அது நல்ல களி, அதாவது டர்ஃபுக்குக் கெட்ட களி.

வேலை தொடங்கினால், புல்வேரும் மேல்மண்ணும் முதலில் போக வேண்டும். களியைத் தோண்டி எடுத்துச் செம்மண் கிராவல் போடுவது ஒரு வழி. எடுக்க முடியாத ஆழம் என்றால் சுண்ணாம்பு. எடைக்கு 3 முதல் 8 சதவீதம்வரை சுண்ணாம்பைக் களியில் கலந்து உருளை போட்டால், கால்சியம் களித்துகளின் மேற்பரப்பில் போய் உட்கார்ந்து அது தண்ணீரை உறிஞ்சி வீங்கும் குணத்தைக் குறைத்துவிடும். பிறகு வாட்டம். நூறு அடிக்கு ஓர் அடி சரிவு போதும், ஆடுகிறவருக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். பிறகு துணி, அதன்மேல் பெரிய ஜல்லி, சின்ன ஜல்லி, மேலே க்ரஷர் துகள், ஒவ்வொரு அடுக்குக்கும் தனித்தனியாக உருளை. சுற்றிலும் பள்ளம் எடுத்து ஓட்டைக் குழாய். அந்தக் குழாயின் வாய் திறக்கிற இடம் மைதானத்தைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். ஏரிக்கீழ் நிலத்தில் பல நேரம் தாழ்வான இடமே இருக்காது. அப்போது மைதானத்தையே கிராவல் அடித்து உயர்த்துவதைத் தவிர வேறு வழி கிடையாது.

சிலர் ஜல்லிக்குப் பதில் கான்கிரீட் போட்டுவிடுகிறார்கள். பார்க்கக் கெட்டியாக இருக்கும். ஆனால் களி விரிந்து சுருங்குவது ஒரே சீராக நடக்காது. தளத்துக்கு நடுவில் மண் ஈரமாகவே இருக்கும், ஓரம் வெயிலில் காய்ந்து மழையில் ஊறும். ஓரம் ஏறி இறங்க, நடு அப்படியே நிற்க, கான்கிரீட் வெடிக்கும். வெடித்த கோடு விரிப்பின்மேல் மேடாகத் தெரியும், ஓடி வருகிற கால் அதில் தடுக்கும். பக்கத்தில் பெரிய மரம் இருந்தால் அது உறிஞ்சும் தண்ணீரால் அந்த மூலை மட்டும் இறங்கும். ஜல்லிப் படுகை கொஞ்சம் அசைந்துகொடுக்கும், அசைந்ததைச் சரிசெய்யவும் முடியும். களியின்மேல் ஜல்லியையே நான் நம்புவேன்.

படுகையைச் சரியாகப் போட்டாலும் டர்ஃபின் எல்லாக் குறையும் தீராது. அதையும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. வெயில் காலத்து மதியத்தில் விரிப்பின் சூடு 60 பாகை செல்சியஸைத் தாண்டும். உயிருள்ள புல் தண்ணீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும், பிளாஸ்டிக்குக்கு அந்த வழி இல்லை. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்து மே மாத வெயிலில் மழலையர் பள்ளி முற்றத்துக்கு நிழலில்லாமல் டர்ஃப் போடுவதை நான் ஒப்ப மாட்டேன். வாடகை மைதானங்கள் சாயங்காலத்துக்குமேல் களைகட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். ரப்பர்த் துகள் விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் முடிவெடுத்துவிட்டது. மண்ணிலும் நீரிலும் நுண்பிளாஸ்டிக்காகக் கலப்பதால், 2031 அக்டோபருக்குப் பிறகு அதை மைதான நிரப்புக்கென விற்க முடியாது. அதற்கு மாற்றாக அங்கே வந்துகொண்டிருப்பவற்றில் ஒன்று தென்னை நாரும் தக்கையும் கலந்த நிரப்பு. தென்னை நார்க்கழிவை மூட்டை மூட்டையாகக் கப்பலேற்றுகிற மாநிலம் நம்முடையது. இங்கே போடும் டர்ஃபுக்குப் பழைய டயர்த் துகளை வாங்கிக் கொட்ட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நார் நிரப்பு காய்ந்தால் தூசியாகும், அவ்வப்போது ஈரம் வேண்டும், சில வருடத்தில் மேலும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். ஆனால் ஈரத்தைப் பிடித்து வைப்பதால் விரிப்பின் சூட்டையும் அது தணிக்கும்.

டர்ஃப் போட ஆள் கூப்பிட்டால் கையில் கொடுக்கிற கொட்டேஷனில் இழையின் உயரம் இருக்கும், நிறம் இருக்கும், எத்தனை வருட உத்தரவாதம் என்று இருக்கும். படுகையைப் பற்றி ஒரே வரி: ‘பேஸ் ஒர்க்’. அந்த ஒரு வரியைப் பிரித்து எழுதச் சொல்லி வாங்க வேண்டும். எத்தனை அங்குலம் ஜல்லி, துணி உண்டா, வாட்டம் எந்தத் திசை, குழாய் எங்கே போய் விழுகிறது. களி நிலத்தில் விரிப்பைவிட அடிவேலைக்கு அதிகம் செலவானால் அதிர்ச்சி அடைய வேண்டியதில்லை. விரிப்பின் ஆயுள் வெயிலையும் ஆட்டத்தையும் பொறுத்து எட்டோ பத்தோ வருடம். அது தேய்ந்ததும் சுருட்டி எடுத்துவிட்டுப் புதியதை விரிப்பார்கள். ஒழுங்காகப் போட்ட ஜல்லிப் படுகையை, மட்டம் மட்டும் சரிபார்த்துவிட்டு, இரண்டாவது விரிப்புக்கும் மூன்றாவது விரிப்புக்கும் அப்படியே பயன்படுத்தலாம்.